எக்ஸ்-பிரஸ் பேர்ள்: 417 ஆமைகளைக் கொன்றது எது?

2025 ஜூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கொள்கலன் கப்பல் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்ற கட்டளை முதற்பக்கச் செய்தியானது. அதே தீர்ப்பில் வேறு மூன்று எண்களும் இருக்கின்றன. இறந்து கரையொதுங்கிய ஆமைகள் 417, டொல்பின்கள் 48, திமிங்கிலங்கள் 8. இந்த ஆய்வு அந்த மூன்று எண்களைப் பற்றியது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் ஏராளமான உயிர்களைக் கொன்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. எத்தனை என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதற்குப் பெரிய காரணம், அந்தக் கப்பல் வருவதற்கு முந்திய ஆண்டுகளில் நம் கரைகளில் செத்து ஒதுங்கியவற்றை யாரும் ஒழுங்காக எண்ணி வைக்காததுதான். 417 என்ற எண் உண்மையான இழப்பைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், மிகக் குறைவாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சாத்தியம் என்பதற்குக் கொஞ்சம் கடல் உயிரியலும் கொஞ்சம் பிரேத பரிசோதனை அறிவும் வேண்டும்.

நடந்தவை

கப்பல் புத்தம் புதுசு. 2021 பெப்ரவரியில்தான் கட்டி ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூர்க் கொடி, 186 மீற்றர் நீளம். கொழும்பை நோக்கி வந்தபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 81 ஆபத்தான சரக்கு ஏற்றியவை. மொத்தம் 25 தொன் நைத்திரிக் அமிலம் ஏற்றப்பட்டிருந்தது. அதில் ஒரு கொள்கலன் கசிவது மே 11ஆம் திகதியளவிலேயே மாலுமிகளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசிரா துறைமுகமும் அதை இறக்கிக்கொள்ள முன்வரவில்லை. மே 19 இரவு கொழும்புக்கு வெளியே சுமார் 9.5 கடல் மைல் தூரத்தில் கப்பல் நங்கூரமிட்டது. மறுநாள் புகை கிளம்பியது. 25ஆம் திகதி பெரிய வெடிப்பு நடந்து ஆட்கள் இறக்கப்பட்டார்கள். கொள்கலன்கள் கடலில் சரிந்தன. ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துப்போக முயன்றபோது பின்பகுதி சுமார் 21 மீற்றர் ஆழத்தில் தரை தட்டியது. ஜூன் 17இல் முழுக்க மூழ்கியது.

சரக்கில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். பைகளும் போத்தல்களும் செய்யும் மூலப்பொருள் அது. பதிவில் உள்ள மிகப் பெரிய பிளாஸ்டிக் சிந்தல் இதுதான் என்று ஐ.நா.வின் சூழல் ஆலோசனைக் குழு எழுதியது. சரக்குவ, பமுனுகம பக்கக் கரைகளில் மணலை ஒரு கை அள்ளினால் பாதிக்கு மேல் சவ்வரிசிபோல் வெள்ளை மணிகளாக இருந்தன. அவற்றுக்கிடையே உருகிக் கறுத்து, விரலால் நசுக்கினால் உதிரும் கட்டிகளும் கிடந்தன. படத்தில் பளிச்சென்று தெரிவது வெள்ளை மணி. ஆனால் ஆய்வுகூடத்தில் பார்த்தால் வில்லங்கம் அந்தக் கறுப்புக் கட்டியில்தான் இருக்கிறது. கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட பகுப்பாய்வு, எரிந்த பிளாஸ்டிக்கின் இரசாயனக் கலவை எரியாத மணியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிக்கலானது என்று காட்டியது.

இன்னும் மூன்று சங்கதிகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடு கொரோனாப் பயணத் தடையில் இருந்தது. சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பியிருந்தது. கொழும்பை ஒட்டிய மேற்குக் கரையில் ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு மீன்பிடி தடை செய்யப்பட்டது. பின்னால் வரும் வாதம் முழுக்க இந்த மூன்றிலும் போய் முட்டும்.

ஏன் ஆமை முதலில் சாகிறது

உலகில் கடலாமை இனங்கள் ஏழு. இலங்கைக் கரையில் முட்டையிடுபவை ஐந்து: பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. எல்லாமே நுரையீரலால் மூச்சு விடுபவை. எண்ணெயோ புகையோ இரசாயனப் படலமோ மிதக்கும் இடத்தில் மீன் கீழே போய்த் தப்பலாம். ஆமை மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். வந்தால் அரைகுறையாக மூச்சிழுக்காது. முங்குவதற்கு முன் நுரையீரலை ஒரே இழுவையில் நிரப்பிக்கொள்ளும். நீருக்கு மேல் இருக்கும் நஞ்சு அதன் உடலுக்குள் ஆழமாகப் போய்விடுகிறது. எண்ணெய்ப் படலத்தை ஆமைகள் அறிந்து விலகுவதாகவும் தெரியவில்லை. மெக்சிக்கோ வளைகுடா எண்ணெய்க் கசிவிலிருந்து உலகம் கற்ற பாடம் இது.

டொல்பினுக்கும் மூச்சுத் தேவை ஒன்றுதான். ஆனால் அது வேகமாக விலகிப் போகும், கூட்டமாகப் போகும். திமிங்கிலம் பொதுவாக இன்னும் வெளியே, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்தரையான கண்டமேடை முடிகிற பக்கம் இருக்கும். 417, 48, 8 என்ற வரிசைக்கு இந்த வாழ்க்கை முறையே ஓரளவு விளக்கம் தருகிறது. கப்பல் எரிந்தது ஆழம் குறைந்த, கரையை ஒட்டிய, ஆமை மேயும் கடலில்.

இனப்பெருக்கக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேராமை முட்டையிடும் வயதை எட்ட இருபது முப்பது ஆண்டுகள் எடுக்கும். வளர்ந்த பெண் ஆமை ஒன்று செத்தால் அதன் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். குஞ்சு பொரிப்பகங்களில் ஆயிரக்கணக்கில் குஞ்சு விடுவதைப் படம் பிடித்துப் போடுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கணக்கில் வளர்ந்த ஆமையின் சாவு ஈடாகாது.

எண்ணிக்கை ஏறிய விதம்

2021 ஜூன் முடிவில் சட்டமா அதிபர் தரப்பு கொழும்பு நீதவான் நீதிமன்றத்துக்குச் சொன்ன கணக்கு 176 ஆமைகள், 20 டொல்பின்கள், 4 திமிங்கிலங்கள். பிறகு அது மேலே போனது. அப்போது சூழல் அமைச்சின் செயலாளர், வெப்பத்தால் ஏற்பட்ட எரிகாயமும் இரசாயன நஞ்சும்தான் காரணம் என்று தற்காலிக முடிவாகச் சொன்னார். பத்திரிகைகள் ‘தற்காலிக’ என்ற பகுதியை விட்டுவிட்டுப் போட்டன.

ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கில் உடல்கள் வந்தன என்றால் அது வழக்கத்துக்கு மாறானதா? சாதாரண ஆண்டுகளில் மே, ஜூனில் எத்தனை வருகின்றன என்று தெரிந்தால்தான் பதில் சொல்லலாம். தீவு முழுக்க ஒரே படிவத்தில், ஒரே முறையில், நாள் தவறாமல் எழுதப்பட்ட தொடர் நம்மிடம் இருக்கவில்லை. துண்டு துண்டான பதிவுகள்தான் இருந்தன. 1930களில் கொழும்பு நூதனசாலையில் பி.இ.பி. தெரணியகல கரையொதுங்கிய ஆமையையும் திமிங்கிலத்தையும் அளந்து எழுதி வைத்தவர். அந்தப் பழக்கம் நாடு தழுவிய அன்றாட வேலையாக வளரவில்லை.

அடுத்தது கண்களின் எண்ணிக்கை. பயணத் தடையில் ஆளில்லாமல் கிடந்த கரைகளில், மாத முடிவில் கடற்படையும் இராணுவமும் வெள்ளை அங்கியோடு பிளாஸ்டிக் அள்ள இறங்கினார்கள். செத்த ஆமை எங்கே கிடந்தாலும் கைத்தொலைபேசியில் ஏறியது. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் கிடைக்காது. ஒரு ஆமை கூடக் கூடுதலாகச் சாகாவிட்டாலும் அந்த மாதக் கணக்கு ஏறியிருக்கும். எவ்வளவு ஏறியிருக்கும் என்று கழிக்க வேண்டுமானால், எந்தக் கரையில் எத்தனை கிலோமீற்றர் யார் நடந்தார்கள் என்ற பதிவு வேண்டும்.

முகத்துவாரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைக் கேட்டபோது அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “சேர், ஆமை சாவுறது எங்களுக்குப் புதுசில்ல. வலையில படும், ஏத்துவம், உசிரில்லாட்டி திரும்பப் போட்டுருவம். ஆனா கப்பல் எரிஞ்ச நேரம் கரைக்கு வந்ததுகள் வேற மாதிரி.” எப்படி வேறு மாதிரி என்று திருப்பிக் கேட்டேன். கண்ணும் வாயும் சிவந்து, ஓடு உரிந்து இருந்ததாகச் சொன்னார். அவர் கண்டது உண்மை. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மணலில் ஒரு ஆமையைத் திறந்தால்

முதலில் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். உலகம் முழுக்க ஐந்து படி அளவுகோல் பாவிக்கிறார்கள். 1 என்றால் உயிரோடு. 2 என்றால் இப்போதுதான் செத்தது. 3 நடுத்தர அழுகல். 4 முற்றிய அழுகல். 5 என்றால் காய்ந்த தோலும் எலும்பும். இரண்டாம் படியில் கிடைத்த உடல் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லும். நான்காம் படியில் கிடைத்தது இனம், நீளம், சில வேளை ஆணா பெண்ணா என்பதோடு நின்றுவிடும். சுமார் 29 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நம் கடலில் இரண்டிலிருந்து நான்குக்குப் போக அதிக நேரம் எடுக்காது.

செத்த ஆமை முதலில் தாழும். உள்ளே வாயு சேர்ந்து ஊதியதும் மிதக்கும். பிறகு காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போகும். கரைக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டின் மேல்தகடுகள் பெயரத் தொடங்கியிருக்கும். தோல் வழன்றிருக்கும். அடிப்பக்கம் இரத்தம் தேங்கிச் சிவந்த திட்டுகளாய் இருக்கும். வாயாலும் கழிவாயாலும் சிவந்த நீர் வடியும். எரிகாயம், இரசாயனப் புண், சாதாரண அழுகல் மூன்றும் இந்தக் கட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். உயிரோடிருக்கும்போது பட்ட காயத்தில் உடல் எதிர்வினை காட்டும்; வெள்ளணுக்கள் வந்து குவியும். செத்தபின் பட்டதில் அது இருக்காது. இந்த வித்தியாசத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம், ஆனால் இழையம் அழுகாமல் இருக்கும்போது அதைக் கெடாமல் காக்கும் போமலின் திரவத்தில் போட்டிருந்தால் மட்டும்.

திறக்கும்போது ஆமையை மல்லாக்கப் போட வேண்டும். ஓட்டின் வளைவோடு அளவுநாடா பிடித்து நீளம் எடுத்த பிறகு, அடியோட்டின் ஓரத்து மெல்லிய இழையத்தில் கத்தியை விட்டு ஒரு சுற்று வந்தால் அடியோடு கழன்று வரும். கீழே துடுப்பை இயக்கும் மார்புத் தசை. பேராமை என்றால் கொழுப்பு பச்சையாக இருக்கும். தொண்டைக் குழாயை நீளவாக்கில் பிளந்தால் உட்சுவர் முழுக்கப் பின்னோக்கி வளைந்த முட்கள். இரையோடு விழுங்கிய கடல் நீரை வெளியே தள்ளும்போது இரை நழுவாமல் பிடிக்க அவை. பிளாஸ்டிக் மணி போயிருந்தால் இந்த முட்களுக்கிடையே தேட வேண்டும். அதற்கடுத்து இரைப்பை, பிறகு மீற்றர் கணக்கில் நீளும் குடல்.

குடலில் மணி கிடைத்தால் ஆமை அதை விழுங்கியது என்று நிரூபணமாகும். அதனால் செத்தது என்று ஆகாது. ஐந்து மில்லிமீற்றர் மணிகள் சில, வளர்ந்த ஆமையின் குடலை அடைக்காமல் வெளியேறிவிடக் கூடும். குடல் முழுக்க அடைபட்டு, மேலே வாயு தேங்கி, சுவர் இறந்து கறுத்திருந்தால் கதை வேறு. அந்த இரண்டையும் பிரித்து எழுதாத அறிக்கை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நிற்காது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு சின்ன விடயம் உண்டு, அடிக்கடி கோட்டை விடும் இடம் அது. ஈரலையும் கொழுப்பையும் இரசாயனச் சோதனைக்கு எடுத்தால் அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிப் போத்தலில் போட வேண்டும். பொலித்தீன் பையில் போட்டால் நாம் தேடும் அதே வகைச் சேர்மங்கள் பையிலிருந்தே மாதிரிக்குள் ஏறிவிடும். பிளாஸ்டிக் கப்பல் வழக்கில் பொலித்தீன் பையில் வந்த மாதிரியை எதிர்த்தரப்பு நிபுணர் என்ன செய்வார் என்று விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு காரணமாகப் பார்த்தால்

நைத்திரிக் அமிலத்தைத்தான் ஆட்கள் அதிகம் பேசினார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 தொன்னும் தூய அமிலம், முழுவதும் கடலில்தான் விழுந்தது என்றே வைப்போம். கடல் நீருக்கு இயல்பாகவே அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மை உண்டு. ஒரு கன மீற்றரில் 2.3 மோல் அளவுக்கு. 25 தொன் நைத்திரிக் அமிலம் ஏறத்தாழ 4 இலட்சம் மோல். அதை ஈடுகட்டச் சுமார் 1,70,000 கன மீற்றர் நீர் போதும். 21 மீற்றர் ஆழக் கடலில் அது 90 மீற்றருக்கு 90 மீற்றர் சதுரம். கப்பலின் நீளத்தில் பாதி. அலையும் நீரோட்டமும் அதைச் சில மடங்கு நீரோடு கலந்துவிட்டால் கடல் வழமைக்குத் திரும்பும். ஆக, கப்பலின் பக்கத்திலிருந்த விலங்கை அமிலம் சுட்டிருக்கலாம். கரை நெடுக ஒதுங்கிய நூற்றுக்கணக்கான ஆமைகளுக்கு அதைக் காரணமாக்க முடியாது.

எரிந்த பிளாஸ்டிக்கின் நச்சுச் சேர்மங்கள், எரிபொருள் எண்ணெய், ஆயிரக்கணக்கான தொன் இப்பொக்சி பிசின் ஆகியவை வேறு வகை. இவை அமிலம்போல் ஈடுகட்டப்பட்டு மறையாது. கொழுப்பில் தேங்கும், மெதுவாக வேலை செய்யும். ஆனால் ஈரலில் ஒரு சேர்மம் இவ்வளவு இருக்கிறது என்றால், மாசில்லாத நாட்களில் நம் கடலாமையின் ஈரலில் அது எவ்வளவு இருந்தது என்ற கேள்வி உடனே வரும். ஒப்பிடுவதற்குப் பழைய இழையம் உறைபெட்டியில் வேண்டும்.

வெடிப்பு அதிர்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் தட்டில், காற்றில் நடக்கும் வெடிப்பின் ஆற்றலில் சிறு பகுதிதான் நீருக்குள் இறங்கும். மிக அருகில் இருந்தவற்றுக்கு ஆபத்து, தூரத்தில் இருந்தவற்றுக்கு இல்லை.

பருவக்காற்றை ஒதுக்கிவிட முடியாது. சோளகம் எழும்பினால் கடல் கொந்தளிக்கும். நோயில் நலிந்த ஆமை, வெளியே எங்கோ செத்து மிதந்த ஆமை எல்லாம் மேற்குக் கரைக்குத் தள்ளப்படும். 2021இல் உடல்கள் வடக்கிலும் கிழக்கிலும் கூடக் கிடைத்தன. கொழும்புக்கு வெளியே எரிந்த கப்பலிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரு உடல் மிதந்து போக வேண்டுமானால் அதற்கு நாட்கள் வேண்டும். அது எந்த அழுகல் படியில் கிடைத்தது என்பதை வைத்து அந்தப் பயணம் சாத்தியமா என்று சரிபார்க்கலாம். உடல் கிடைத்த இடம், திகதி, படி மூன்றும் இருந்தால் நீரோட்ட மாதிரியைப் பின்னோக்கி ஓட்டி, செத்த இடத்தை ஓரளவு மட்டுக்கட்ட முடியும். திகதி மட்டும் இருந்தால் முடியாது.

இனி வலை. இதைச் சொன்னாலே கப்பல் கம்பனிக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் கோபப்படுவார்கள். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். 1999-2000 காலத்தில் கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் என்ற அமைப்பு சில இறங்குதுறைகளில் நடத்திய கணக்கெடுப்பில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட ஆமைகள் வலையில் சிக்கியது பதிவானது. எல்லாம் சாகவில்லை, பல உயிரோடு விடப்பட்டன. ஆனாலும் நம் கடலில் ஆமையின் அன்றாட எதிரி யார் என்பதற்கு அது போதுமான சாட்சி.

கப்பலே இல்லாமல் என்ன நடக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் கிடைத்தது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. திறந்து பார்த்ததில் கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, நுரையீரல் நீர் கோத்திருந்தது. இழுவை வலையில் மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் அது. நல்ல கொழுப்போடு, இரைப்பையில் இரையோடு, வெளிக்காயமில்லாமல் ஒரு ஆமை திடீரென்று செத்திருந்தால் முதல் சந்தேகம் வலைமேல்தான் போகும்.

ஆனால் கொழும்பில் இதே வாதம் கப்பல் தரப்புக்கு எதிராகத் திரும்புகிறது. மேற்குக் கரையில் மீன்பிடி தடை செய்யப்பட்டிருந்தது. வலை இறங்காத கடலில் வலைச் சாவு குறைந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் உடல்கள் குறையவில்லை, கூடின. எனக்குத் தெரிந்தவரை கப்பலுக்கு எதிரான மிக வலுவான சூழ்நிலைச் சாட்சி இதுதான். தடைப் பகுதிக்கு உள்ளே எத்தனை, வெளியே எத்தனை, தடைக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று நான்கு கட்டங்களில் பிரித்துப் போட்டால் ஒரு பக்கத்தில் வழக்கைச் சொல்லிவிடலாம். அதில் ‘தடைக்கு முன்’ என்ற கட்டங்கள் இரண்டும் வெறுமையாகக் கிடக்கின்றன.

திமிங்கிலங்கள் எட்டும் தனிக் கதை. நம் கடலில் திமிங்கிலத்தின் பெரிய எமன் கப்பலின் மூக்கு. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்முனையில் நீலத்திமிங்கிலம் ஒன்று குறுக்காகத் தொங்கிக்கொண்டு வந்தது. அங்கே காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. காரணம் தெளிவாக இருந்ததால் பரிகாரமும் தெளிவாகப் பேசப்பட்டது. தீவின் தென்முனையான தெய்வேந்திரமுனைக்கு அப்பால் போகும் கப்பற்பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கியது. சாவின் காரணம் திட்டவட்டமாகத் தெரிந்தால் காப்பாற்றும் வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது போதும். 2021இன் எட்டில் எத்தனை உடல்களில் முறிந்த முதுகெலும்பு தேடப்பட்டது என்பதைப் பொறுத்தே அந்த எட்டின் பொருள் இருக்கிறது.

கூடவும் குறையவும்

417இல் வலையில் செத்தவையும் நோயில் செத்தவையும் கலந்திருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு எண் கூடுதல்.

மறுபக்கம், கடலில் செத்தவை எல்லாம் கரைக்கு வருவதில்லை. சுறா தின்னும், காற்று வெளியே தள்ளும், ஊதாமல் அடியிலேயே கிடக்கும். அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் மீன்பிடியில் செத்த ஆமைகளில் 7 முதல் 13 சதவீதம்தான் கரையொதுங்கின என்று கணக்கிட்டார்கள். மெக்சிக்கோ வளைகுடாவில் டொல்பின், திமிங்கில உடல்களில் சராசரியாக 2 சதவீதமே கிடைக்கின்றன. இந்த விகிதங்களை அப்படியே தூக்கி நம் கடலில் வைக்கக் கூடாது. நம் நீர் சூடானது, கண்டமேடை ஒடுங்கியது, காற்று வேறு. ஆனால் திசை ஒன்றுதான். கரையில் கண்ட எண் கடலில் நடந்ததன் சிறு பகுதி. அந்த அளவுக்கு 417 மிகக் குறைவு.

கூடுதலைக் கழித்து, குறைவைப் பெருக்கி ஒரு நியாயமான வீச்சு தருவதுதான் விஞ்ஞானி செய்ய வேண்டியது. இரண்டுக்கும் நம் கடலுக்குரிய சொந்த எண்கள் வேண்டும். செத்த ஆமைகள் சிலவற்றில் அடையாளத் தகடு கட்டி, வெளியே வெவ்வேறு தூரங்களில் விட்டு, எத்தனை கரைக்கு வருகின்றன என்று பார்க்கும் சோதனை ஒன்றும் பெரிய செலவில்லை. மற்ற நாடுகளில் மரப்பலகைத் துண்டுகளை விட்டே இதைச் செய்கிறார்கள்.

நீதிமன்றத்தின் வேலை வேறு. உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்து, மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கொள்கையின்படி முடிவெடுத்தது. ஒவ்வொரு ஆமையின் சாவையும் தனித்தனியே நிரூபிக்க அங்கே அவசியமில்லை. ஆனால் வெளிநாட்டு நீதிமன்றத்தில் பணம் எண்ணும் இடத்தில் அவசியம் வரும். 2023 ஜூலையில் லண்டன் கடல்வழக்கு நீதிமன்றம் கப்பல் தரப்பின் பொறுப்புக்கு ஏறத்தாழ 1.9 கோடி பவுண் என உச்சவரம்பு போட்டது. நூறு கோடி டொலருக்கும் இதற்குமிடையே உள்ள தூரத்தில், உடல்களின் தரமான பதிவு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த கப்பலுக்கு முன்

அடுத்தது என்று பேசுவது மிகையில்லை. 2020 செப்ரெம்பரில் கிழக்குக் கரைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்தது. ஒன்பது மாதத்துக்குள் பேர்ள். 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் மணிகள் ஜூனில் மன்னார்ப் பக்கம் வந்து சேர்ந்தன.

செய்ய வேண்டியதில் பெரும்பகுதி சலிப்பான வேலை. தீவைச் சுற்றி இருபது முப்பது கரைத் துண்டுகளைத் தெரிந்தெடுத்து, மாதத்தில் குறித்த நாட்களில் நடக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காத நாளுக்குப் பூச்சியம் எழுத வேண்டும். பூச்சியம் எழுதாத பதிவேட்டால் பயனில்லை; பிறகு வரும் ஐம்பதை அதோடுதான் ஒப்பிடப் போகிறோம். உடல் கிடைத்தால் இனம், ஓட்டின் வளைவு நீளம், அழுகல் படி, அளவுகோல் வைத்த படங்கள் நான்கு, இடத்தின் அட்சர தீர்க்க ரேகை. மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கரைகளுக்குத் தமிழ்ப் படிவம். இரண்டாம் படியில் கிடைத்த உடலை ஓரிரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய மிருக வைத்தியரும், கொழும்புக்கு வெளியேயும் சில உறைபெட்டிகளும். பல்கலைக்கழக விலங்கியல் துறைகளும் நாரா எனப்படும் அரச நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமும் வனசீவராசிகள் திணைக்களமும் ஒரே பதிவேட்டில் எழுத ஒத்துக்கொள்வதுதான் இதில் கடினமானது. உறைபெட்டி வாங்குவது சுலபம்.

மீனவரைச் சேர்க்காமல் இது நடக்காது, அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆமையின் உடலையோ ஓட்டையோ வைத்திருப்பதே குற்றம். வலையில் செத்த ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டினால் வழக்கு வருமோ என்ற பயத்தில்தான் முகத்துவாரத்து மனிதர் சொன்னதுபோல் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். இரசாயன ஒப்பீட்டுக்கு நமக்கு வேண்டிய மாசில்லாத, புத்தம் புதிய இழையம் அந்த உடல்களில்தான் இருக்கிறது. தவறுதலாக வலையில் பட்டுச் செத்த ஆமையை இறங்குதுறையில் ஒப்படைப்பவர்மேல் நடவடிக்கை இல்லை என்று வனசீவராசிகள் திணைக்களமும் கடற்றொழில் திணைக்களமும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். அதை முதலில் திக்கோவிட்ட, நீர்கொழும்பு, கற்பிட்டி, மன்னார் இறங்குதுறைகளில் ஒரு சோளகப் பருவத்துக்கு நடத்திப் பார்க்கலாம்.